பூண்டு உரிப்பதும் பயிற்சிதான்: புலன், தசை, சிந்தனைத் திறன்களை வளர்க்கும் எளிய செயல்பாடுகள்

குழந்தைக்குத் தெரபி தேவை என்று மருத்துவர் சொன்னதும் பல வீடுகளில் முதலில் நடப்பது பொருள் வாங்குவதுதான். முள் முள்ளாக இருக்கும் ரப்பர் பந்து, வண்ணப் பாய், எடை வைத்துத் தைத்த ஜாக்கெட், மரப் புதிர்ப் பலகை. ஆன்லைனில் இவை எல்லாவற்றின் பெயரிலும் ‘சென்சரி’ என்று ஒரு சொல் ஒட்டியிருக்கும். விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கும். வாங்கிய சில நாளில் குழந்தை அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காவிட்டால், நம் பிள்ளைக்கு எதுவும் ஒத்துவரவில்லையே என்று பெற்றோர் சோர்ந்துபோகிறார்கள்.

ஒரு செயலைச் செய்யும்போது குழந்தையின் உடலும் மூளையும் என்ன வேலை செய்ய வேண்டியிருக்கிறது? பயிற்சியின் பலன் முழுக்க அதில்தான் இருக்கிறது. அதைப் பார்க்கப் பழகிவிட்டால் சமையலறையும் துணி காயப்போடும் கொடியும் தெரு விளையாட்டும் போதும். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், பெருமூளை வாதம், ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமை, அளவு மீறிய துறுதுறுப்பு), பொதுவான வளர்ச்சித் தாமதம் என்று எந்தக் காரணத்துக்காகத் தெரபிக்குப் போகிறவர்களானாலும், வீட்டில் என்ன செய்யலாம், ஏன் செய்கிறோம் என்று புரிந்துகொள்ள இந்தக் கட்டுரை உதவும். தெரபிஸ்ட் பார்த்துச் சொல்வதற்கு இது மாற்று அல்ல. அவர் சொல்வதை நன்றாகப் புரிந்துகொள்ள ஓர் அடிப்படை, அவ்வளவுதான்.

மூன்று சொற்கள்

புலன் திறன் என்றால் வெளியிலிருந்தும் உடலுக்குள்ளிருந்தும் வரும் தகவல்களை வாங்கி, தேவையானதைக் கவனித்து, மற்றதை ஒதுக்கும் திறன். தசைத் திறனில் இரண்டு வகை: ஓடுவது, தாவுவது, ஏறுவது போன்றவை பெருந்தசைத் திறன், பொத்தான் போடுவது, எழுதுவது, கத்தரிக்கோல் பிடிப்பது நுண்தசைத் திறன். கவனம், நினைவு, வரிசை, காத்திருத்தல், திட்டமிடுதல் எல்லாம் சேர்ந்தது சிந்தனைத் திறன்.

தாளில் இவற்றைத் தனித்தனியாக எழுதலாம். குழந்தைக்குள் தனித்தனியாக இல்லை. சட்டைப் பொத்தான் போடுவதையே பாருங்கள். விரல் நுனியில் பொத்தானின் விளிம்பு தெரிய வேண்டும். ஒரு கை துணியைப் பிடிக்க, இன்னொரு கை பொத்தானைத் தள்ள வேண்டும். எந்தப் பொத்தானுக்கு எந்தத் துளை, அடுத்து எது என்று மனதில் வரிசை ஓட வேண்டும். மூன்றில் எது தடுமாறினாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: ‘இவனுக்குப் பொத்தான் போட வரவில்லை.’ எங்கே தடுமாறுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் தெரபிஸ்டின் முதல் வேலை. பெற்றோரும் ஓரளவு கற்றுக்கொள்ளக்கூடிய வேலை அது.

அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சைக்கு ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர். இந்தியாவில் அதற்கான படிப்பு 1950ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கரின் முயற்சியால் தொடங்கியது. புலன்களை ஒருங்கிணைப்பது பற்றிய கோட்பாடு அதற்குப் பிறகு வந்தது. ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அதை உருவாக்கினார். அவருடைய முக்கியமான நூல் 1972ல் வெளியானது. இன்று தெரபி மையங்களில் நீங்கள் காணும் ஊஞ்சல்கள், மெத்தைகள், ஏறும் வலைகள் எல்லாம் பெரும்பாலும் அவர் போட்ட பாதையில் வந்தவை.

ஐந்துக்கு மேலும் புலன்கள் உண்டு

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் ஆகிய ஐந்தும் நமக்குத் தெரியும். தெரபியில் அதிகம் பேசப்படுபவை இன்னும் மூன்று.

முதலாவது, சமநிலைப் புலன். காதின் உட்பகுதியில் மூன்று அரைவட்டக் குழாய்களும் இரண்டு சிறு பைகளும் இருக்கின்றன. தலை சுழல்வதைக் குழாய்களும், நேராகப் போவதையும் புவியீர்ப்பையும் பைகளும் உணர்கின்றன. இரண்டாவது, உடல்நிலைப் புலன். தசைகளிலும் தசைநாண்களிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்விகள், கை எங்கே இருக்கிறது, எவ்வளவு விசை கொடுக்கிறோம் என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட முடிவது இதனால்தான். மூன்றாவது, உடலுக்குள் நடப்பதை உணரும் புலன்: பசி, தாகம், சிறுநீர் முட்டுவது, நெஞ்சு படபடப்பது.

இந்தத் தகவல்களை எல்லாக் குழந்தைகளும் ஒரே அளவில் வாங்குவதில்லை. சிலருக்குக் கொஞ்சமே அதிகமாகப் படும். மிக்ஸி சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அழுவார்கள். சட்டைக் காலரில் இருக்கும் லேபிள் உறுத்தும். முடிவெட்டப் போனால் போராட்டம். சிலருக்கு நிறைய வந்தாலும் போதாது. மோதுவார்கள், குதிப்பார்கள், எதையாவது கடித்துக்கொண்டே இருப்பார்கள், அடிபட்டாலும் அழமாட்டார்கள். ஒரே குழந்தை சத்தத்துக்கு ஒடுங்குவதும் அசைவுக்கு ஏங்குவதும் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேட்டில் (டிஎஸ்எம்-5) ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக இந்தப் புலன் வேறுபாடு சேர்க்கப்பட்டது. பிடிவாதம், செல்லம், திமிர் என்று பெயர் வைக்கப்பட்டுத் திட்டு வாங்கிய குழந்தைகளில் எத்தனையோ பேருக்கு உண்மையில் நடந்தது இதுதான்.

மிக்ஸிக்கு அழும் குழந்தையை அதே சத்தத்தில் உட்கார வைத்துப் பழக்க முயலாதீர்கள். முதலில் முன்கூட்டியே சொல்லுங்கள்: ‘இப்போ மிக்ஸி போடப்போறேன்.’ அடுத்த அறையில் இருக்கட்டும். சில நாள் கழித்து, அவன் விரலாலேயே சுவிட்சைப் போட்டு அணைக்கச் சொல்லுங்கள். சத்தம் தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி இறங்கும். குக்கர் விசிலுக்கு இந்த வழி இல்லை. அதற்கு முன்னறிவிப்பும் தூரமும்தான்.

தொடுபுலனுக்கு ஓர் அகலமான தட்டில் அரிசியோ கேழ்வரகோ கொட்டி, உள்ளே சின்ன பொம்மைகளைப் புதைத்துத் தேடச் சொல்லலாம். ஈர மணல், சப்பாத்தி மாவு, சோள மாவுக் கரைசல் என்று போகலாம். கையில் பிசுபிசுப்பு பட்டாலே உதறும் குழந்தையானால் கரண்டியில் தொடங்குங்கள், பிறகு ஒரு விரல், பிறகு கை. கையைப் பிடித்து மாவுக்குள் அழுத்துவதை மட்டும் யாரும் செய்யக்கூடாது. அது ஒரே நாளில் பல வாரப் பழக்கத்தைக் கெடுத்துவிடும்.

நம் ஊரில் இதற்கெல்லாம் மேலான ஒரு பயிற்சி தினம் மூன்று வேளை இருக்கிறது: சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிடுவது. சூடு, ஈரம், குழைவு எல்லாம் விரலுக்குத் தெரிகிறது. ஐந்து விரலும் குவிகின்றன. கை பார்க்காமலே வாயைக் கண்டுபிடிக்கிறது. நான்கு வயதிலும் போனைக் கையில் கொடுத்து ஊட்டிவிடும்போது குழந்தை இதை முழுவதுமாக இழக்கிறது. சிந்தும், நேரமாகும், பாட்டிக்கு மனசு கேட்காது. இருந்தாலும் ஒரு வேளையாவது தானே சாப்பிட விடுங்கள் என்று கெஞ்சியே கேட்பேன்.

கனமான வேலையும் ஊஞ்சலும்

தசைக்கும் மூட்டுக்கும் நல்ல அழுத்தம் கொடுக்கும் வேலைகளைத் தெரபிஸ்டுகள் ‘கனமான வேலை’ என்பார்கள். துறுதுறுவென்று இருக்கும் குழந்தையையும் மந்தமாக இருக்கும் குழந்தையையும் இவை நடுநிலைக்குக் கொண்டுவர உதவும் என்பது அவர்கள் அனுபவம். கைப்பிடி வாளியில் கால்பங்கு தண்ணீர் எடுத்துச் செடிக்கு ஊற்றுவது, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவது, நனைந்த துண்டைப் பிழிவது, மாவு பிசைவது, சுவரைத் ‘தள்ளுவது’, கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து மறுபக்கம் வருவது. தலையை வெளியே விட்டுப் பாயில் சுருட்டி, ‘சமோசா ரெடி’ என்று மெல்ல அழுத்தினால் பல குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். தூக்கும் எடைக்கு ஒரு வரம்பு வேண்டுமே என்றால், மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கையில் சொல்லும், குழந்தையின் எடையில் 10 சதவீதம் என்ற அளவையே இங்கும் வைத்துக்கொள்ளலாம்.

நேரம் முக்கியம். வீட்டுப்பாடத்துக்கோ சாப்பாட்டுக்கோ உட்கார வைப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் இந்த வேலைகள் நடக்கட்டும். உட்கார வைத்துவிட்டு, ‘ஆடாதே, அசையாதே’ என்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சமநிலைப் புலனுக்கு அசைவு வேண்டும். முன்னும் பின்னுமாக மெதுவாக, ஒரே சீராக ஆடுவது அமைதிப்படுத்தும்; வேகமாக, திசை மாற்றி, சுற்றிச் சுழல்வது தட்டி எழுப்பும். சேலையில் கட்டிய ஏணையில் குழந்தை தூங்குவது முதல் வகை. பூங்கா ராட்டினம் இரண்டாவது. தூங்கப்போகும் நேரத்தில் சுழற்றி விளையாடினால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். சுழற்சியில் கவனம் தேவை. முகம் வெளுத்தாலோ, வியர்த்தாலோ, குமட்டினாலோ உடனே நிறுத்துங்கள். வலிப்பு உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் செய்யவே வேண்டாம். ஏணையில் ஆள் பார்வையில்லாமல் எந்த வயதுக் குழந்தையையும் விட வேண்டாம். துணி கழுத்தைச் சுற்றும் ஆபத்து உண்டு.

இந்தப் பகுதியை முடிக்கும் முன் சான்றுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். புலன் சார்ந்த சிகிச்சைகளுக்கான ஆய்வுச் சான்று இன்னும் குறைவாகவே இருக்கிறது, பெற்றோரிடம் அதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாதெமி 2012ல் தன் உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தியது. ஆட்டிசக் குழந்தைகளுக்கு எடைப் போர்வை கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2014ல் வந்தது. குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் போர்வை பிடித்திருந்தது, தூக்கம் கூடவில்லை. இதனால் எதுவும் பயனில்லை என்று ஆகிவிடாது. ஆனால் ‘இதைச் செய்தால் ஆட்டிசம் சரியாகிவிடும்’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள். ஒரு குறிப்பான இலக்கை வையுங்கள்: பல் தேய்க்கும்போது அழாமல் இருப்பது, பத்து நிமிடம் சாப்பாட்டில் உட்காருவது. இரண்டு மூன்று மாதம் செய்யுங்கள். மாற்றம் தெரிகிறதா என்று எழுதிப் பாருங்கள். தெரியவில்லையென்றால் தெரபிஸ்டிடம் பேசி வழியை மாற்றுங்கள்.

உடம்பு முதலில், விரல் பிறகு

உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2006ல் வந்தன. ஆரோக்கியமான குழந்தைகள் பிடிக்காமல் நடக்கத் தொடங்கும் வயது 8 மாதத்திலிருந்து ஏறத்தாழ 18 மாதம் வரை பரவியிருந்தது. நூற்றில் நான்கு குழந்தைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழாமலே நடைக்குப் போனார்கள். எனவே பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடத் தேவையில்லை. 18 மாதம் ஆகியும் நடக்கவில்லை என்றால் மட்டும் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள்.

கழுத்து, தோள், இடுப்பு உறுதியானால்தான் விரல் சொன்னபடி கேட்கும். எழுதும்போது மேசை மேல் சரியும் குழந்தைக்குப் பென்சில் பிடிப்பைத் திருத்துவதற்கு முன்னால் முதுகையும் தோளையும் கவனிக்க வேண்டும். கைக்குழந்தையை விழித்திருக்கும்போது குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுவது இதன் தொடக்கம். கொஞ்சம் வளர்ந்ததும் தவளை போல் தாவுவது, நண்டு போல் பின்னால் போவது, இரண்டு கால்களையும் நாம் பிடித்துக்கொள்ளக் கையால் நடப்பது.

நடைவண்டி பற்றி ஒரு வார்த்தை. குழந்தையை நடுவில் உட்கார வைத்து, காலால் உந்தி உருளும் வட்டமான பிளாஸ்டிக் வாக்கர் வேண்டாம். விபத்துகள் காரணமாகக் கனடா 2004லேயே அதைத் தடை செய்துவிட்டது. நம் பழைய மூன்று சக்கர மர நடைவண்டி வேறு. குழந்தை தானே நின்று, தன் எடையைத் தானே தாங்கி, தள்ளிக்கொண்டு நடக்கிறது. அதில் பயிற்சி இருக்கிறது.

நான்கைந்து வயதுக்குப் பிறகு நம் தெரு விளையாட்டுகளே போதும். பாண்டியை எடுத்துக்கொண்டால், ஒற்றைக் காலில் நிற்பது சமநிலை, சில்லைக் கட்டத்துக்குள் எறிவது விசையை அளக்கும் பழக்கம், கோட்டை மிதிக்காமல் தாவுவது உடல்நிலைப் புலன், எந்தக் கட்டம் அடுத்தது என்பது நினைவு. தெரபி மையத்தில் காசு கொடுத்துச் செய்வதில் பாதி, ஒரு சாக்பீஸ் கோட்டுக்குள் இருக்கிறது. ஒற்றைக் காலில் நிற்க வராத குழந்தையை விளையாட்டிலிருந்து ஒதுக்க வேண்டாம். இரண்டு காலிலும் தாவட்டும், ஒரு கையை நாம் பிடித்துக்கொள்ளலாம், கட்டங்களைப் பெரிதாகப் போடலாம்.

இனி விரலுக்கு வருவோம். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருக்கும். ஒவ்வொன்றாக எலும்பாக மாறும். கடைசி எலும்பு மாறத் தொடங்குவதே 8 முதல் 12 வயதுக்குள்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு, எல்.கே.ஜி. குழந்தைக்குப் பக்கம் பக்கமாக எழுத்து வேலை கொடுப்பதைப் பாருங்கள். எனக்கு இதில் கோபமே வருகிறது. கோடுகளுக்கும் ஒரு வரிசை உண்டு. பார்த்து வரையும் திறன் பொதுவாக, செங்குத்துக் கோடு ஏறத்தாழ 2 வயதில், படுக்கைக் கோடு இரண்டரையில், வட்டம் 3ல், கூட்டல் குறி 4ல், சதுரம் நாலரை ஐந்தில், முக்கோணம் 5க்கு மேல் என்று வருகிறது. நேர்கோடுகளால் ஆன ‘ட’, ‘ப’ எளிதாக வருவதும், சுழியும் வளைவும் உள்ள ‘அ’, ‘இ’ தாமதமாவதும் இதனால்தான். விஜயதசமி அன்று அரிசியில் விரலால் எழுத வைப்பது நல்ல பழக்கம். அங்கே பென்சில் இல்லை, விரலுக்கு உணர்வு இருக்கிறது. அதை ஒரு நாளோடு நிறுத்திவிட்டு மறுநாளே நான்கு கோடு நோட்டை நீட்டுவதுதான் சிக்கல்.

எழுத்துக்கு முன்னால் கைக்கு வேலை கொடுங்கள். துணி கிளிப்பைக் கொடியில் மாட்டிக் கழற்றுவது, கீரை ஆய்வது, பச்சைப் பட்டாணி உரிப்பது, இடுக்கியால் பஞ்சு உருண்டைகளை எடுத்துக் கிண்ணத்தில் போடுவது, ஸ்ப்ரே பாட்டிலால் செடிக்குத் தண்ணீர் அடிப்பது, பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கசக்குவது. சுவரில் மாட்டிய சிலேட்டில் எழுதுவது மேசையில் எழுதுவதைவிட நல்லது. தோளும் மணிக்கட்டும் சரியான கோணத்தில் வேலை செய்யும். சாக்பீஸை ஒடித்துச் சிறு துண்டாகக் கொடுங்கள். முழு சாக்பீஸை உள்ளங்கையில் பொத்திப் பிடிக்கும் குழந்தை, சிறு துண்டை விரல் நுனியால்தான் பிடித்தாக வேண்டும்.

கூட்டலும் குறைத்தலும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். எந்தப் பயிற்சியும் மிக எளிதாக இருந்தால் குழந்தை சலித்துவிடும், மிகக் கடினமாக இருந்தால் தூக்கி எறியும். கொஞ்சம் முயன்றால் கிடைக்கும் என்ற இடத்தில் வைக்க வேண்டும். அந்த இடம் நாளுக்கு நாள் நகரும். காய்ச்சல் விட்ட மறுநாள் கீழே இறங்கும்.

பூண்டை எடுத்துக்கொள்வோம். முதல் கட்டமாக, பற்களை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கொடுங்கள். அழுத்தினாலே தோல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மூன்றே பல் போதும். அடுத்து, ஊறாத பல்லை நாம் லேசாக நசுக்கித் தோல் விட்டுப்போகும்படி கொடுக்கலாம். பிறகு நசுக்காத பல், நுனியை மட்டும் நாம் வெட்டி. கடைசியில் முழுப் பூண்டை உடைப்பதிலிருந்து எல்லாம் குழந்தையே. விரலுக்கான ஏற்றம் இது.

அதே பூண்டில் உடம்புக்கான ஏற்றமும் உண்டு. முதுகுக்குச் சுவர் வைத்து உட்கார்ந்து உரிப்பது, சம்மணம் போட்டு உரிப்பது, முக்காலியில் உட்கார்ந்து உரிப்பது, நின்றுகொண்டே உரிப்பது. புலனுக்கு, அமைதியான அறையில் தொடங்கிப் பேச்சும் சத்தமும் உள்ள சமையலறைக்கு வரலாம். சிந்தனைக்கு, ‘பெரிய பல் இந்தக் கிண்ணம், சின்னது அந்தக் கிண்ணம்’ என்று பிரிக்கச் சொல்லலாம். அப்புறம், ‘பத்து எண்ணியதும் அம்மாவிடம் கொண்டு வா’ எனலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டாம். ஒன்றைக் கூட்டும்போது மற்றதைப் பழைய நிலையிலேயே விடுங்கள். உரித்து முடித்ததும் கையைக் கழுவிவிடுங்கள். பூண்டு பட்ட விரல் கண்ணுக்குப் போனால் அடுத்த நாள் குழந்தை பக்கத்தில் வராது.

பூண்டு அன்று குழம்பில் சேர வேண்டும் என்பதும் முக்கியம். ‘இது நீ உரிச்சது’ என்று சாப்பிடும்போது காட்டுங்கள். பொம்மைப் பயிற்சியில் கிடைக்காத ஒரு பெருமிதம் அந்த முகத்தில் தெரியும்.

உதவி செய்வதிலும் அளவு உண்டு. நாம் பெரும்பாலும் அவசரப்பட்டுக் கையைப் பிடித்துச் செய்துவிடுகிறோம். சொன்ன பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். சில குழந்தைகளுக்குக் கேட்டது உள்ளே போய், செயலாக வெளிவர அவ்வளவு நேரம் பிடிக்கும். அதற்குள் நாம் மறுபடி மறுபடி சொன்னால் ஒவ்வொரு முறையும் அது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். காத்தும் வரவில்லையென்றால் விரல் காட்டுங்கள், பிறகு செய்துகாட்டுங்கள், கடைசியில்தான் கையைத் தொடுங்கள்.

பல படிகள் உள்ள வேலையைப் பின்னாலிருந்து கற்றுக்கொடுப்பது இன்னொரு நல்ல உத்தி. கால்சட்டை போடுவதை எடுத்துக்கொண்டால், முழங்காலுக்கு மேல்வரை நாம் ஏற்றிவிட்டு, இடுப்புக்கு இழுக்கும் கடைசிப் படியைக் குழந்தையிடம் விடுங்கள். அது வந்ததும் அதற்கு முந்தைய படி. இப்படிச் செய்தால் ஒவ்வொரு நாளும் வேலையை முடித்தவர் குழந்தையாகவே இருப்பார்.

சிந்தனைக்கு விளையாட்டு

எதையும் செய்து முடிக்க மூளைக்கு மூன்று திறன்கள் வேண்டும்: கேட்டதைச் சற்று நேரம் மனதில் பிடித்து வைப்பது, வந்த உந்துதலை அடக்குவது, விதி மாறினால் தானும் மாறுவது. மூன்றுக்கும் நம்மிடம் விளையாட்டுகள் இருக்கின்றன.

அடக்குவதற்கு ‘பறவை பற’. ‘காக்கா பற’ என்றால் கையைத் தூக்க வேண்டும். ‘எருமை பற’ என்றால் தூக்கக்கூடாது. உளவியல் ஆய்வுக்கூடங்களில் கணினித் திரையில் செய்யும் சோதனையின் அமைப்பும் இதேதான்: சில குறிக்குப் பட்டனை அழுத்து, சில குறிக்கு அழுத்தாதே. மெதுவாகத் தொடங்குங்கள். விதி மாறுவதற்கும் இதையே பயன்படுத்தலாம். நன்றாகப் பழகியதும், ‘இப்போ தலைகீழ், பறக்காததுக்குத்தான் கையைத் தூக்கணும்’ என்று மாற்றுங்கள். பெரியவர்களே தடுமாறுவார்கள்.

நினைவுக்கு வீட்டு வேலையே போதும். ‘தேங்காய் எடுத்து வா’ என்று ஒன்று. பிறகு ‘தேங்காயும் கரண்டியும்’. பிறகு ‘கரண்டியைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்து’. சிறு குழந்தைக்குக் கிண்ணத்துக்கு அடியில் பொருளை ஒளித்துக் கண்டுபிடிக்கச் சொல்வது. முதலில் ஒரு கிண்ணம், பிறகு மூன்று. சந்தையிலிருந்து வந்த காய்களைப் பிரித்து வைப்பது வகைப்படுத்தும் பயிற்சி. பல்லாங்குழியில் எண்ணுவதும் முறை காத்திருப்பதும் விரல் நுனியால் சோழி எடுப்பதும் ஒன்றாக வந்துவிடுகின்றன. பேச்சு வராத, அல்லது சொல்வதைப் புரிந்துகொள்ளச் சிரமப்படும் குழந்தைக்குக் காலை வேலைகளைப் படங்களாக வரிசையாகச் சுவரில் ஒட்டி வையுங்கள். அடுத்து என்ன என்று தெரிவதே பல அழுகைகளைக் குறைக்கும்.

எவ்வளவு நேரம்? ஐந்து முதல் பத்து நிமிடம், நாளில் சில முறை. ஒரே மணி நேரத்தில் எல்லாவற்றையும் திணிப்பதில் பயன் இல்லை. குழந்தை ‘போதும்’ என்பதைக் கண்ணைத் திருப்பியோ தள்ளியோ காட்டினால் அதற்கு மதிப்புக் கொடுங்கள்.

பாதுகாப்பு: மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கும், எதையும் வாயில் போடும் பழக்கமுள்ள பெரிய குழந்தைக்கும் கொண்டைக்கடலை, சோழி, மணி போன்றவை வேண்டாம். மூக்கிலோ மூச்சுக்குழாயிலோ போய்விடும். தண்ணீர் விளையாட்டில் வாளி அளவுத் தண்ணீர் இருந்தாலும் பக்கத்திலிருந்து நகரக்கூடாது. பெருமூளை வாதம் உள்ள குழந்தையின் விறைத்த கை கால்களை வீடியோ பார்த்து இழுத்து நீட்ட வேண்டாம். பிசியோதெரபிஸ்ட் நேரில் காட்டித் தரட்டும்.

யாரிடம் போவது, என்ன கேட்பது

ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, மழலைச் சத்தம் இல்லை. இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை. ஒரு வயது ஆகும் முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்துகிறது. வந்த பேச்சோ திறனோ எந்த வயதிலாவது மறைந்துபோகிறது. இவற்றில் ஏதாவது இருந்தால், ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்’ என்ற ஆறுதலுக்குக் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

2013ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் (ஆர்பிஎஸ்கே) அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதிக்கிறார்கள். சிக்கல் தெரிந்தால் மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே சிகிச்சை இலவசம். பள்ளி வயதுக் குழந்தைக்கு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர், பிசியோதெரபிஸ்ட் பற்றிக் கேளுங்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் ‘நிப்மெட்’ என்று அழைக்கப்படும், பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான மத்திய அரசு நிறுவனம் 2005லிருந்து இயங்குகிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் 1981லிருந்து இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்து 21 வகைகளை ஏற்கிறது. மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கத் தயங்க வேண்டாம்.

தெரபி மையத்துக்குப் போனால் கேட்க வேண்டிய கேள்விகள் சில. இந்தப் பயிற்சி என் குழந்தையின் எந்தத் திறனுக்காக? அது வளர்ந்ததை எதை வைத்துத் தெரிந்துகொள்வோம்? இதையே வீட்டில் எங்கள் வேலைகளோடு எப்படிச் சேர்ப்பது? கடினமாக இருந்தால் எப்படி எளிதாக்குவது? குழந்தையை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தும் மையமானால், வாரம் ஒரு முறையாவது உள்ளே உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பார்த்ததை அப்பா, பாட்டி, தாத்தா, அங்கன்வாடி டீச்சர் எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்லி வையுங்கள். அம்மா ‘நீயே சாப்பிடு’ என்று விட்ட தட்டில் பாட்டி ஊட்டிவிட்டால், காத்திருந்தால் யாராவது வந்துவிடுவார்கள் என்றுதான் குழந்தை கற்றுக்கொள்ளும்.